புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ-க்கு முழு அலுமினிய ரேடியேட்டர்: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

மலேசியாவின் தாப்பா பக்கம் ஓடும் சத்ரியா ஜிடிஐ காடிக்கு முழு அலுமினிய ரேடியேட்டர் போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம். ஆனால் சூடு குறையும் என்ற ஒரே ஆசையில் போட்டால் ஏமாற்றம்தான். அதன் முதல் பலன், பிளாஸ்டிக் டேங்க் வெடித்து நடுவழியில் நிற்கும் தொல்லை ஒழிவது. சூட்டை அடக்குவதில் பெரும்பங்கு பேனுக்கும், பேனைச் சுற்றிய ஷ்ரவுட் என்ற தகட்டு உறைக்கும், ஓரங்களில் காற்று தப்பாமல் அடைப்பதற்கும் உரியது. இவற்றை விட்டுவிட்டு எவ்வளவு தடிமனான ரேடியேட்டர் வாங்கினாலும் சூட்டைக் காட்டும் முள் ஏறத்தான் செய்யும்.

வாங்குமுன் காடி எப்போது சூடாகிறது என்று பாருங்கள். மெதுவாகப் போகும்போது ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் கோளாறு பேன் பக்கம். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, அல்லது தண்ணீர் ஓட்டம் குறைவு. எல்லா நேரமும் ஏறி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் நிற்காமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் புது ரேடியேட்டர் மருந்தல்ல.

ஒரிஜினலின் நடுப்பகுதியும் அலுமினியம்தான். இரு முனையிலும் கறுப்பு நைலான் டேங்க், இடையில் ரப்பர் கேஸ்கெட், சுற்றிலும் தகட்டை மடித்து இறுக்கியிருக்கும். மேல் ஹோஸ் நுழையும் கழுத்தைப் பாருங்கள். கறுப்பு மங்கிப் பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் சிம்பு சிம்பாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. முடி இழை போன்ற ஒரு கோடு, அதன் மேல் காய்ந்த கூலண்டின் வெள்ளைப் பொருக்கு. வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்தக் காடியின் 1.8 லிட்டர் 4ஜி93பி என்ஜினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. தடிமன் கூடக் கூட பேன் மோட்டார் எக்ஸாஸ்ட்டை நெருங்கும். சந்தையில் கிடைப்பவற்றில் பல 40 மில்லிமீட்டரை ஒட்டிய கோர் (குழாயும் துடுப்பும் உள்ள நடுப்பகுதி) உடையவை, ஒரிஜினலைவிட நன்றாகவே தடிமன். எக்ஸ்ட்ராக்டர் (ஒரிஜினலுக்குப் பதில் மாட்டும் எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) போட்ட காடியில் இடம் இன்னும் குறுகும். மோட்டாரின் முதுகுக்கும் குழாய்க்கும் இடையில் 25 மில்லிமீட்டராவது விடுங்கள். என்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். கிளட்சை விடும்போது என்ஜின் முன்னும் பின்னும் ஆடும், நிற்கையில் அளந்த இடைவெளி ஓட்டத்தில் இருக்காது.

கடையில் ‘இத்தனை ரோ’ (குழாய் வரிசை) என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே டார்ச் அடித்து, குழாய்கள் டேங்கோடு சேரும் இடத்தைப் பாருங்கள். உலோகப் பற்றவைப்பு சீராக ஓடியிருக்க வேண்டும். பசை பூசி மறைத்திருந்தால் வாங்காதீர்கள், சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் அது விலகும். ஹோஸ் மாட்டும் கழுத்தின் நுனியில் மேடான வளையம் இருக்க வேண்டும். வழவழவென்று இருந்தால் அழுத்தத்தில் ஹோஸ் கழன்றுவிடும். பழைய மூடியையும், டேங்கில் மாட்டும் பேன் சுவிட்ச் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே திருகிப் பாருங்கள். மரை சரியில்லாமல் வீட்டுக்கு வந்து தவிப்பதைவிட இது மேல். ஆட்டோ காடிக்கான ரேடியேட்டரைக் கொடுத்தால் கியர் ஆயில் செல்லும் இரண்டு துளைகள் கூடுதலாக இருக்கும், அவற்றுக்கு அடைப்பான் கேளுங்கள். குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய துடுப்புகள் மிக நெருக்கமாக உள்ளவை எஸ்டேட் ரோட்டுக்கு ஒத்துவராது. செம்மண் தூசி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பழைய தண்ணீர் துருநிறமாக வந்தால் ரேடியேட்டரைக் கழற்றுவதோடு நிறுத்தாமல் என்ஜின் பிளாக்கையும் கழுவித் தெளிந்த நீர் வரும்வரை விடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சேறு முழுவதும் புதியதற்குள் போய் உட்காரும். ஏர்கான் கண்டென்சரின் குழாய்களைக் கழற்ற வேண்டியதில்லை, அதை முன்பக்கம் தாங்கி வைத்தபடியே ரேடியேட்டரை மேலே தூக்கிவிடலாம். அடியில் உள்ள இரண்டு ரப்பர் புஷ்களையும் புதிதாகப் போடுங்கள். ரேடியேட்டர் அவற்றின் மேல் உட்கார வேண்டும், மேல் பிராக்கெட் சாய்ந்துவிடாமல் பிடித்தால் போதும். இறுக்கிப் பூட்டினால் எஸ்டேட் ரோட்டுக் குழிகளில் காடி முறுகும்போது அந்த முறுக்கு முழுவதும் வெல்டுக்குப் போகும். நீண்ட ஓட்டத்தில் விரிசல் விடுவது பெரும்பாலும் பிராக்கெட் வெல்ட் செய்த மூலையில்தான்.

பேனைக் கோரின் ஊடே பிளாஸ்டிக் கம்பி குத்திக் கட்டுவதைச் செய்யவே கூடாது. அதிர்வில் அது துடுப்பைத் தேய்த்து, பிறகு குழாயைத் துளைக்கும். ஷ்ரவுட்டுக்கு ஓர் அலுமினியத் தகடு வளைத்து, கோரின் முழு முகத்தையும் மூடும்படி ஓரத்தில் பூட்டுங்கள். பேன் என்ஜின் பக்கம் காற்றை இழுக்கிறதா என்று முன்னால் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்து எதிர்த்திசையில் சுழலும் பேன்கள் ஏராளம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், இரு ஓரமும் மேலும், ஒட்டும் ரப்பர் ஃபோம் வையுங்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் காற்று அந்தச் சுலபமான வழியில்தான் போகும். இந்த ஃபோம் வேலைக்குச் செலவு மிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியும் பலன் இதில்தான்.

முழு அலுமினியம் சீக்கிரம் ஓட்டையாவதற்குப் பெரிய காரணம் மின்சாரக் கசிவு. பேனின் எர்த் வயரை ரேடியேட்டரிலோ அதன் பிராக்கெட்டிலோ பூட்டாதீர்கள், நேராக பாடிக்கோ பேட்டரிக்கோ கொண்டு போங்கள். பேனுக்கு 30 ஆம்பியர் ரிலே போடுங்கள். கூலண்ட் நிரப்பிய பிறகு மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையைத் தண்ணீரில் மட்டும் தொடும்படி விடுங்கள், உலோகத்தில் பட வேண்டாம். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பேன், ஹெட்லைட், ஏர்கான் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது 0.3 வரை குதிக்கிறதோ அதன் எர்த்தில்தான் கோளாறு. பழைய காடிகளில் என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை பச்சை பூத்துக் கிடக்கும், அதை மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும்.

நிரப்புவதற்கு 6 லிட்டரை ஒட்டித் தேவைப்படும். அலுமினியத்துக்கு ஏற்ற கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உள்ளே படிவு கட்டும். வேறு வேறு வகைக் கூலண்டைக் கலக்கவும் வேண்டாம். முன்பக்கத்தை மேடான இடத்தில் நிறுத்தி, மூடி இல்லாமல் ஓடவிட்டு, பேன் இருமுறை சுழன்று நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு துணை டேங்கில் மட்டம் இறங்கியிருந்தால் மூடி சரியாக வேலை செய்கிறது. மேல் ஹோஸ் சப்பிப்போயிருந்தால் மூடியின் சிறு வால்வு திறக்கவில்லை.

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றிடலாம் அண்ணே, நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?” என்று போர்மேன் (மெக்கானிக்) சொல்லுவார். கழற்றாதீர்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் சூடாக நேரமெடுக்கும், கம்ப்யூட்டர் அதிக பெட்ரோல் ஊற்றும், தேய்மானம் கூடும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்ட காடியில் தண்ணீர் 82-ஐச் சுற்றி நிற்பதே சரியான வேலை, 70-இல் ஓடுவது சாதனை அல்ல. காடியின் சொந்த முள் நடுவிலேயே உறங்கும், அதை நம்பிப் பயனில்லை. மேல் ஹோஸில் அடாப்டர் வைத்துத் தனி மீட்டர் போடுங்கள். சரியாகப் பொருத்தியது தெரியும் இடம், தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலையின் தானா ராத்தா ஏறும் பழைய ரோடு. சுமார் 60 கிலோமீட்டரில் 1,400 மீட்டர் உயரம் தாண்டுகிறது, காய்கறி லோரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஏர்கானோடு ஊர வேண்டியிருக்கும். அங்கே மீட்டர் 90-களில் ஏறி, வளைவு தாண்டிக் காற்று பிடித்ததும் சட்டென்று இறங்கினால் வேலை நேர்த்தி. ஏறிய சூடு இறங்காமல் நின்றால் ஷ்ரவுட்டையும் ஃபோமையும் மறுபடி பாருங்கள்.

பராமரிப்பில் தூசியைவிடத் தொல்லை கொடுப்பவை மழைக்குப் பின் கூட்டமாக வரும் ஈசலும், லாலாங் புல் பூக்கும்போது பறக்கும் பஞ்சும். இரண்டும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளிபோல் படியும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. மேல் பிராக்கெட்டைக் கழற்றி, ரேடியேட்டரைச் சற்றுப் பின்னால் சாய்த்து, என்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி மெல்லிய தண்ணீர் விடுங்கள். கார் கழுவும் கடையின் பிரஷர் ஜெட் துடுப்பை மடக்கிவிடும். காரமான டிகிரீசர் அலுமினியத்தை அரிக்கும்.

வெல்ட் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மீண்டும் வந்தால் கசிவு. கூலண்ட் உள்ளே இருக்கும்போது வெல்ட் செய்ய முடியாது, இறக்கிக் காயவைத்து டிக் (TIG) வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அடியில் உள்ள வடிகுழாய்த் திருகைக் கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை போய்விடும். மூடிக்கு 0.9 பார் போதும். ஹோஸ்களும் வாட்டர் பம்பும் பழையதாக இருக்கையில் 1.3 போட்டால் அடுத்து கசியப்போவது அவைதான்.