இரு திறப்புகளோடு வந்த டொல்பின் வான்: பூட்டுகளை ஒன்றாக்கிய பின்னரான அனுபவம்

திருகோணமலையில் நான் பல ஆண்டுகளாக ஓட்டிவருவது, இலங்கையில் எல்லோரும் 'டொல்பின்' என்று அழைக்கும் பழைய டொயோட்டா ஹையேஸ் டீசல் வான். வாங்கியபோதே கதவுகளுக்கு ஒரு திறப்பு (சாவி), இயந்திரத்தை முடுக்கும் இக்னிஷனுக்கு வேறொரு திறப்பு என்று இரண்டைத் தந்தார்கள். முன்னைய உரிமையாளரின் காலத்தில் இக்னிஷன் பூட்டு தேய்ந்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பு கையோடு கழன்று வரத் தொடங்கியதால், கழித்த வாகனமொன்றின் பூட்டை வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதால், இப்படி ஒட்டுப்போட்டு ஓடும் வாகனங்கள் நம் ஊர்களில் ஏராளம்.

இரண்டு திறப்புகளோடு காலந்தள்ள முடியாதா என்று கேட்கலாம். முடியும், நானும் சிறிது காலம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இரண்டும் ஒரே வடிவத் திறப்புகள் என்பதால், இருட்டில் மாற்றி நுழைத்து வலிந்து திருப்ப நேரும். அந்த வலிந்த திருப்பல்தான் திறப்பையும் பூட்டையும் ஒருசேரக் கெடுக்கிறது. வாகனத்தை வேறொருவரிடம் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லவேண்டியிருப்பது தனித் தொல்லை.

சந்தையில் கிடைக்கும் புதிய முழுப் பூட்டுச் செட்டை வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடும்படி சிலர் சொன்னார்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த செட்டின் வார்ப்பு மிக மெல்லியதாக இருந்தது. நல்ல நிலையில் இருக்கும் பழைய யப்பானியப் பூட்டைக் கழற்றிவிட்டு அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரே வாகனத்திலிருந்து கழற்றிய முழுச் செட் கிடைத்தால் அது நல்ல வழிதான். எனினும் பூட்டுகள் பெரும்பாலும் தனித்தனியாகவே விற்பனைக்கு வருகின்றன என்பதோடு, கிடைக்கும் செட்டும் நம்முடையதைப் போலத் தேய்ந்தே இருக்கக்கூடும்.

கடைசியில் நகரில் திறப்பு வெட்டும் ஒருவர்தான் வழி காட்டினார். "அண்ணை, இக்னிஷனில கை வைக்க வேண்டாம், கதவை அதுக்கு ஏத்த மாதிரி மாத்துவம்" என்றார். அவர் சொன்னதற்கான காரணம் பூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. இவ்வகைப் பூட்டின் உருளைக்குள் சிறிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு துளை, அத்துளையின் உயரம் தகட்டுக்குத் தகடு மாறும். சரியான திறப்பை நுழைத்தால் அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் உருளையின் மேற்பரப்போடு சமமாக நிறுத்தும். ஒரே ஒரு தகடு துருத்தி நின்றாலும் அது வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு உருளையைத் திரும்பவிடாது. பல பழைய யப்பானிய வாகனங்களில் இக்னிஷனில் உள்ளதைவிடக் குறைவான தகடுகளே கதவுப் பூட்டில் இருக்கும் என்பதால், கதவை இக்னிஷன் திறப்புக்கு இசைவாக்குவது எளிது. மறுதலையாகச் செய்வது கடினம்.

பூட்டைக் கழற்றுவதில் அச்சப்பட ஒன்றுமில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைபிடியின் பின்னாலுள்ள கம்பி வளையத்தைத் துணித்துண்டொன்றால் முன்னும் பின்னும் இழுத்து விடுவித்து, உட்பலகையைக் கழற்றினால், பூட்டைப் பிடித்திருக்கும் குதிரைலாட வடிவத் தகடு தெரியும். பலகைக்குப் பின்னாலுள்ள பொலித்தீன் தாளைக் கிழிக்காமல் உரிக்கவேண்டும். கதவுக்குள் வழியும் மழைநீர் பலகையை ஊறவைக்காமல் காப்பது அதுதான். இணைப்புக் கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்வி பழசானால் தொட்டதும் உடையும் என்பதால், மாற்றுக் கவ்வியொன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது நல்லதாயிற்று.

உருளையை வெளியே எடுத்து இக்னிஷன் திறப்பை நுழைத்தால் எந்தத் தகடுகள் துருத்துகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். அவற்றை மட்டும் எடுத்துவிட்டு, பழைய பூட்டுகளிலிருந்து அவர் தகர டப்பா ஒன்றில் சேர்த்து வைத்திருந்த தகடுகளில் பொருந்துபவற்றைப் போட்டார். இந்த இடத்தில்தான் பலர் குறுக்குவழியில் இறங்குகிறார்கள். துருத்தும் தகட்டை அரத்தால் தேய்த்துவிட்டாலோ முழுவதுமாக எடுத்துவிட்டாலோ பூட்டு உடனே திறக்கும். ஆனால் அடுத்தவருடைய திறப்புக்கும் அது திறக்கக்கூடும். பொருத்தமான தகடு கிடைக்காத இடத்தில் ஒரு தகட்டைப் போடாமல் விடுவதை நான் ஏற்பேன். அதற்கு மேல் விட்டால் கதவைப் பூட்டாமலே விடலாம். பொருத்திய பின் முதற்சோதனையைக் கதவு திறந்திருக்கும் நிலையில் செய்யுங்கள். சாத்திய பின் சிக்கினால் வேலை இரட்டிப்பாகும்.

ஆண்டுகள் கடந்த பின்னும் இரு முன்கதவுகளும் இக்னிஷன் திறப்பிலேயே இயங்குகின்றன. தகடுகள் எனக்குத் தொல்லை தரவில்லை. தொந்தரவெல்லாம் கடலோரக் காலநிலையால் வந்தது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அடிக்கடி நிறுத்தும் வாகனத்தில், வாடைக்காற்றுக் காலத்தின் உப்பீரம் தகடுகளுக்கு அடியிலுள்ள நுண்ணிய சுருள்வில்களைத் துருவேற்றும். கச்சான் எனும் வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் புழுதி உள்ளே புகும். ஒருமுறை கராஜில் அன்போடு எண்ணெய் விட்டுத் தந்தார்கள். அடுத்த கச்சானில் அந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பசையாகி, சாரதிப் பக்கத் திறப்பு பாதியிலேயே நின்றது. கழுவித் துடைத்துக் காயவிட்டு கிரபைட் தூள் மட்டும் போட்ட பின் அந்தச் சிக்கல் திரும்பவில்லை. திறப்புத் துளையின் வாயிலுள்ள சிறு மூடி உடைந்திருந்தால் அதை முதலில் சரிசெய்வது, எந்தத் தூளையும்விடப் பயன் தரும்.

பின்கதவு இன்னும் பழைய திறப்பில்தான் இருக்கிறது. அதன் உருளை வெண்பொடி பூத்து அரித்துப்போயிருந்ததால் கழற்றினால் உடையும் என்று விட்டுவிட்டோம். முழுமையாக முடிந்த வேலை என்று இதனால் சொல்ல முடியாது. ஆயினும் அந்தத் திறப்பு பெரும்பாலும் வீட்டிலேயே தொங்குகிறது.

திறப்பின் தலைக்குள் சிப் உள்ள பிற்கால வாகனங்களில் கதவை மாற்றும் இம்முறை செல்லும். இக்னிஷன் திறப்புக்குப் பிரதி எடுப்பதற்கு மட்டும் சிப்பையும் வாகனத்தில் பதியவேண்டும். இன்னொன்று, பல வாகனங்களில் கதவுப் பூட்டின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும் திறப்பு இலக்கம், தகடுகளை மாற்றிய பின் செல்லாது. அதைக் கொடுத்துத் திறப்பு வெட்டினால் பழைய திறப்புத்தான் கிடைக்கும். ஆகவே, வேலை முடிந்த அன்றே வெட்டுவித்த ஒரு திறப்பைப் பயன்படுத்தாமல் தனியே வைத்திருக்கிறேன். தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும் என்பதால், புதிய பிரதி தேவைப்படும்போதெல்லாம் அதைத்தான் கடைக்குக் கொண்டுபோகிறேன்.