டிரெய்லருக்கு ஷவர் செட் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: எங்களுக்கு 880 டாலர் போச்சு

கோபத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிட்னியில் சின்ன கேம்பர் டிரெய்லர் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுகிற நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. மேற்குப் புறநகர் ஒன்றில் வீட்டு கராஜிலேயே கேம்பிங் சாமான்களை அடுக்கி, ஆன்லைனில் விளம்பரம் போட்டு விற்கிற ரகம். விற்பவர் தமிழர். அதுதான் வயிற்றெரிச்சலே.

எங்களுடையது சின்ன டிரெய்லர். படுக்க இடம், பின்பக்கம் இழுத்தால் அடுப்பு, அடியில் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காக்களில் முகாம் போடுகிற இடங்கள் பலவற்றில் கழிப்பறை இருக்கும், குளிக்க வசதி இருக்காது. நாங்கள் மட்டும் போகும்போது ஏரியில் ஒரு முங்கு, ஈரத்துண்டு என்று ஓட்டிவிடுவோம். இந்த முறை ஊரிலிருந்து அத்தை வந்திருக்கிறார். குளிக்காமல் காபியைத் தொட மாட்டார். மகளும் வளர்ந்துவிட்டாள். மறைவாகக் குளிக்க ஓர் இடமும் கொஞ்சம் வெந்நீரும் வேண்டும் என்று தேடியபோதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. டிரெய்லர் பக்கவாட்டில் மாட்டுகிற ஷவர் டென்ட், காஸ் ஹீட்டர், 12 வோல்ட் பம்ப், தரைக்கு மிதியடி, எல்லாம் சேர்த்து 920 டாலர்.

நேரில் போனோம். அந்த ஆள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே பாருங்கள். "வாங்க அண்ணா, வாங்க அக்கா, அம்மாவும் வந்திருக்காங்களா, உள்ள வாங்க." அத்தைக்கு நாற்காலி போட்டு ஃபில்டர் காபி வந்தது. எந்த ஊர் என்று விசாரித்தார். திருச்சி என்றதும், "எங்க மாமா வீடு ஸ்ரீரங்கம்தாங்க அம்மா" என்றார். அத்தை முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே டென்ட் கட்டியிருந்தது, பக்கத்தில் கம்பியில் ஹீட்டர் தொங்கியது. குழாயைத் திறந்தார், டிக் டிக் என்று பொறி வந்து நெருப்புப் பிடித்தது, சில விநாடிகளில் சுடுதண்ணீர். அத்தை கையை நீட்டிப் பார்த்து, "நல்லாச் சூடா இருக்கே தம்பி" என்றார். "உங்களுக்காகத்தான் அம்மா, அங்க போயும் நீங்க சிரமப்படக் கூடாதுல்ல" என்றார் அவர்.

இந்த இடத்தில்தான் மொத்தத் திருட்டுத்தனமும் இருக்கிறது, கவனியுங்கள். அவர் திறந்தது தோட்டத்துக் குழாயை. வீட்டுக் குழாயில் தண்ணீர் அழுத்தம் அதிகம். இந்த வகை ஹீட்டரில் தண்ணீர் போதுமான வேகத்தில் உள்ளே போனால்தான் சுவிட்ச் தட்டி காஸ் பற்றும். வேகம் குறைந்தால் பற்றவே பற்றாது. காட்டில் குழாய் கிடையாது, அவர் பெட்டியில் போட்டுக் கொடுத்த பம்ப்தான். அந்தப் பம்பை அவர் ஓட்டிக் காட்டவே இல்லை.

டென்ட் விஷயமும் அதே கதைதான். உச்சி வெயிலில் வெளியே நின்று பார்த்தால் எந்தத் துணியும் கெட்டியாகத்தான் தெரியும். "டபுள் லேயர் அக்கா, ஒரு நிழல்கூட விழாது, பாப்பாவுக்கு என்ன பயம்" என்றார்.

பணம் என்றதும் கார்டு வேண்டாம் என்றார். "கார்டுன்னா சார்ஜ் போடுவான் அக்கா, பே-ஐடியில போட்டுடுங்க, நம்ம ஆளுங்களுக்கு 40 டாலர் குறைச்சுக்கறேன்." அப்படித்தான் 880 டாலர் நேராக அவர் வங்கிக் கணக்குக்குப் போனது. பில் கேட்டதற்கு, "சாயங்காலம் மெயில் பண்றேன்." இன்னும் அந்தச் சாயங்காலம் வரவில்லை.

மயால் ஏரிப் பக்கம் போய் டிரெய்லரை நிறுத்தி, டென்ட்டை மாட்டி, பம்பைத் தண்ணீர் கேனுக்குள் விட்டு, வயரை பேட்டரியில் செருகினோம். பம்ப் ஓடியது. ஷவர் தலையிலிருந்து வந்த தண்ணீரைப் பார்த்தால் நூல் மாதிரி இருந்தது. ஹீட்டரில் பொறிகூட வரவில்லை. என் வீட்டுக்காரர் கேனைத் தூக்கி டிரெய்லர் கூரைமேல் வைத்துப் பார்த்தார், ஹீட்டரின் பேட்டரிக் கட்டையை மாற்றிப் பார்த்தார், ம்ஹூம்.

சரி, குளித்தாகத்தானே வேண்டும்? அடுப்பில் குண்டானை ஏற்றினேன். மூன்று லிட்டர் கொதிநீர், ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீர், ஒரு பக்கெட். கை பொறுக்கும் சூடு. 880 டாலர் செட் செய்யாததைக் குண்டானும் மக்கும் செய்தன. அதற்குள் இருட்டிவிட்டது. அத்தை விளக்கை உள்ளே மாட்டிக்கொண்டு குளிக்கப் போனார். மகள் வெளியே நின்றவள் என் கையைப் பிடித்து, "அம்மா, பாட்டி அப்படியே தெரியறாங்க" என்று கிசுகிசுத்தாள். திரும்பிப் பார்த்தேன். துணிமேல் கை, தோள், மக்கைத் தூக்குவது எல்லாம் கரிய நிழலாக. பக்கத்து முகாமில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் ஒரு முனை, மகள் ஒரு முனை என்று பிடித்துக்கொண்டு நின்றோம். அத்தை அவசரமாக ஜிப்பை இழுத்ததில் ஜிப்பின் தலை கையோடு வந்துவிட்டது. ஒற்றைத் துணிதான், டபுள் லேயரெல்லாம் சும்மா. அதன்பிறகு அத்தை அந்த டென்ட் பக்கமே போகவில்லை. வீடு திரும்பும்வரை முகத்தில் சிரிப்பும் இல்லை.

இனி சாக்குகளைக் கேளுங்கள். முதலில், "வாட்டர் பிரஷர் பிரச்சினை அக்கா, கேனை உயரத்துல வைங்க." வைத்தாயிற்று. அப்புறம், "வீடியோ அனுப்புங்க." அனுப்பினோம். "இது சரியாத் தெரியல, பகல்ல எடுத்து அனுப்புங்க." அதையும் அனுப்பினோம். "பம்ப் நான் ஃப்ரீயாக் குடுத்தது அக்கா, அதுக்கு வாரண்டி இல்ல." விளம்பரத்தில் பம்ப் சேர்த்துத்தான் 920 என்று போட்டிருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது! பிறகு வந்தது பாருங்கள் ஒரு யோசனை: இன்னும் 150 டாலர் கொடுத்தால் காஸ் இல்லாத 12 வோல்ட் எலெக்ட்ரிக் ஹீட்டர் தருகிறாராம், உடனே வெந்நீர் வருமாம். என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். பால் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்றவே ஏறக்குறைய 2,800 வாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 230 ஆம்பியருக்கு மேல். எங்கள் டிரெய்லர் வயரிங்கில் அவ்வளவு இழுத்தால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாவிட்டால் வயர் எரியும்.

இடையில் ஹீட்டரைத் தெரிந்த காஸ் ஃபிட்டரிடம் கொண்டுபோனோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் காஸ் சாதனம் விற்கச் சான்று முத்திரை வேண்டும். இதில் 6 லிட்டர் என்று ஒரு ஸ்டிக்கர், வேறு ஒன்றும் இல்லை. "இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. "குளிரா இருந்தா ஹீட்டரை டென்டுக்கு உள்ளயே மாட்டிக்கங்க அம்மா, கதகதப்பா இருக்கும்" என்று அந்த ஆள் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். மூடின டென்டுக்குள் காஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது, ஆளை அப்படியே சாய்த்துவிடும். நல்லவேளை, அது பற்றவே இல்லை.

நேரில் போய்க் கேட்டபோது கராஜ் பாதி இறங்கியிருந்தது. மச்சானாம், வெளியே வந்தார். "அவர் ஊருக்குப் போயிருக்கார், வந்ததும் பேசச் சொல்றேன்." உள்ளே அவர் குரல் கேட்கிறது! "யூஸ் பண்ண பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று அட்டை வேறு தொங்குகிறது. அப்படி அட்டை மாட்டுவதே இங்கே சட்டப்படி செல்லாது. டெமோ காட்டி விற்றால் கையில் கொடுக்கும் பொருளும் அதற்கு ஒத்திருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அதை எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. மறுநாள் அவர் நடத்துகிற வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். 880 டாலரை வாங்கிக்கொண்டு பிளாக்! வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், பேசிப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை: பம்போடு சேர்த்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பக்கெட் தண்ணீரில், குழாயில் அல்ல. டென்டுக்குள் டார்ச் அடித்து இருட்டில் பாருங்கள். ஹீட்டரில் சான்று முத்திரை இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், எரிவதானால் வெளியேதான் எரிய வேண்டும். கிரெடிட் கார்டில் கொடுங்கள், தகராறு வந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். ஏ.பி.என். (வியாபாரத்தின் பதிவு எண்) போட்ட பில் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் புகாரைக் கவனிக்கிற மாநில அரசு அலுவலகமான ஃபேர் டிரேடிங்கில் புகார் பதிந்தாகிவிட்டது. அவர்கள் கேட்பது கடையின் ஏ.பி.என்., எனக்குக் கிடைத்ததோ காபிதான். மேற்குப் பக்கம் கராஜ் கடையில் இதே ஷவர் செட் வாங்கி, பில்லும் கிடைத்தவர்கள் இருந்தால் அதைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். இந்த வாரமே புகாரோடு சேர்க்க வேண்டும்.