டிவிடி காப்பி போடக் கொடுக்கிறீர்களா? 16 ரூபாய் கொட்டேஷனை நம்பி நான் ஏமாந்த கதை

எங்கள் ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேக வீடியோவை 500 டிவிடி போட்டு, தலைக்கட்டு வரி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் கொடுப்பது என்று முடிவாயிற்று. பென்டிரைவ் போதாதா என்று கேட்பீர்கள். ஊரில் பாதி வீட்டில் டிவிக்குக் கீழே பழைய டிவிடி பிளேயர்தான், பெரியவர்களுக்கு அதுதான் பழக்கம். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

திருச்சியில் மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒரு டிஸ்க்குக்கு ஒருவர் 16 ரூபாய், ஒருவர் 21, மூன்றாமவர் 29. 16 சொன்னவர் போனிலேயே "எல்லாம் சேர்த்துதான் சார், கம்பெனி பிரஸ்ஸிங்" என்றார். 29 சொன்ன பெரியவரோ, "500-க்கு பிரஸ்ஸிங் கட்டுப்படியாகாது தம்பி, ரைட்டிங்தான் பண்ணித் தருவேன், 8 எக்ஸ் ஸ்பீடுதான், ஒவ்வொன்றையும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று வெரிஃபை பண்ணுவேன், வரி கவர் எல்லாம் இதிலேயே அடக்கம்" என்று இழுத்தார். பிரஸ்ஸிங் என்றால் அச்சு வைத்து வார்ப்பது, ரைட்டிங் என்றால் கம்ப்யூட்டரில் எழுதுவது. குறைந்த விலைக்கு உசத்தியான பிரஸ்ஸிங் சரக்கு கிடைக்கிறதே என்று முதல் ஆளுக்கே அட்வான்ஸ் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, என் புத்தி அவ்வளவுதான்.

பில் வந்தது. டிஸ்க் 8,000. கவர் அச்சு 2,000, தனி. அச்சுத் தகடு செய்ய பிளேட் சார்ஜ் என்று 1,200. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,016. மொத்தம் 13,216, அதாவது ஒன்று 26 ரூபாய் 43 காசு. பெரியவரிடம் கொடுத்திருந்தால் 14,500 ஆகியிருக்கும். 1,284 ரூபாய் மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை கூத்து.

கொடுத்து முடித்த மூன்றாம் நாள் அத்தை போன் பண்ணினார். "ஏம்ப்பா, உன் டிவிடியில யாகசாலை எல்லாம் வருது, கும்பாபிஷேகமே வரலையே?" போய்ப் பார்த்தால், குடங்கள் புறப்பட்டு, பட்டர் கோபுரத்தில் ஏறி, கலசத்தில் தீர்த்தம் ஊற்றக் கையைத் தூக்குகிறார், அப்படியே கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடுகிறது. மாமா வீட்டு பிளேயரில் 'நோ டிஸ்க்', அவ்வளவுதான். மீந்திருந்த 40 டிஸ்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் 17 சரியாக ஓடவில்லை.

டிஸ்கைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அடிப்பக்கம் ஊதா. பிரஸ் பண்ணிய டிவிடி என்றால், கண்ணாடி மாஸ்டர் செய்து அதிலிருந்து உலோக அச்சு எடுத்து பிளாஸ்டிக்கில் வார்ப்பார்கள், சாதாரண ஒற்றை அடுக்கு டிஸ்க்கின் அடி வெள்ளியாகப் பளபளக்கும். ஊதா என்றால் சாயப் படலத்தில் லேசரால் சுட்டது, நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ரைட் பண்ணுகிற அதே சங்கதி. ரைட்டிங் தப்பில்லை, அதைப் பிரஸ்ஸிங் என்று விற்றதுதான் மோசடி. டிவிடியில் எழுத்து உள்ளிருந்து வெளிவிளிம்பை நோக்கிப் போகும், 16 எக்ஸில் ஓட்டினால் அந்த முழு வேகம் வருவது விளிம்பில்தான், மட்டமான டிஸ்க் அங்கேதான் சொதப்பும். படத்தின் கடைசிப் பகுதி இருப்பதும் அங்கேதான், எங்களுக்கு அம்மன் கலசம். போதாததற்கு மேலே காகித ஸ்டிக்கர் வேறு, ஒரு ஓரம் நகத்தாலேயே உரிந்து வந்தது.

கடைக்காரரிடம் போனால், "கெட்டதை மட்டும் பொறுக்கி எடுத்து வாங்க, மாத்தித் தரேன்" என்கிறார். 460 வீட்டில் போய் எப்படிப் பொறுக்குவது? நாலு முறை அலைந்து விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்கப் போனால் விலையை முதலில் கேட்காதீர்கள். பிரஸ்ஸிங்கா ரைட்டிங்கா, எந்த கம்பெனி பிளாங்க் டிஸ்க், எத்தனை எக்ஸ், வெரிஃபை உண்டா, டிஸ்க் மேலேயே பிரிண்டா ஸ்டிக்கரா, மாஸ்டர், பிளேட், கவர், வரி எல்லாம் உள்ளேயா வெளியேயா, இத்தனையும் தாளில் வாங்கிக்கொண்டு அப்புறம் மூன்று தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம்பிள் இரண்டு வாங்கி, வீட்டில் இருப்பதிலேயே பழைய பிளேயரில் போட்டுக் கடைசி பத்து நிமிடத்தைப் பார்த்த பிறகு மீதிக்குச் சொல்லுங்கள்.

பெரியவரிடம் இப்போது 100 மட்டும் மறுபடி போட்டிருக்கிறேன், என் கைக்காசு. பழையதில் ஒரு கட்டு மாமா வயலில் கயிற்றில் தொங்குகிறது, கிளி விரட்ட. பில்லைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமென்றால் கடைப் பெயரை மறைத்துவிட்டு அனுப்புகிறேன்.