பல்லாயிரம் வரிகளிலிருந்து 43 வரிகளுக்கு: விண்டோஸ் ஹோஸ்ட்ஸ் கோப்புடன் என் அனுபவம்

எந்தத் தளப்பெயர் எந்த எண் முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் சிறு பட்டியல்தான் ஹோஸ்ட்ஸ் கோப்பு. என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இன்று 43 வரிகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு அதே கோப்பில் பல்லாயிரம் வரிகள் இருந்தன. அவற்றில் நான் கையால் எழுதியவை பத்துகூட இருக்காது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் விளம்பரங்களைத் தடுக்கத் தொடங்கியவன் நான். விண்டோஸ் 7, 10, 11 என்று கணினி மாறியபோதெல்லாம் இந்தக் கோப்பை மட்டும் நகலெடுத்துக் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது எனக்கு விளங்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

கோப்பு இருக்கும் இடம் பலருக்கும் தெரிந்ததுதான். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ‘இடிசி’ என்ற கோப்புறை. அங்கே பின்னொட்டு ஏதுமின்றி ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிறிய உரைக்கோப்பு இருக்கும். ‘இடிசி’ என்பது யூனிக்ஸ் வழக்கில் வந்த பெயர்.  விண்டோஸ் 11 கணினியில் இதைத் திறந்தாலும் தலைப்பில் 1993–2009 என்ற காப்புரிமை வரிதான் இருக்கும். இந்தக் கோப்பின் வயதைச் சொல்ல அதுவே போதும் என்றாலும், உண்மையான வயது அதனினும் அதிகம். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் நாள்களில், வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பராமரிக்கப்பட்டன. மற்றவர்கள் அதை நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது அந்த முறை தாங்கவில்லை. 1983இல் கணினி அறிஞர் பால் மோக்கபெட்ரிஸ், தளப்பெயரைக் கேட்டால் அதன் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். ஆனாலும் பழைய வழக்கம் முழுவதும் அழிந்துவிடவில்லை: ஒரு தளத்தின் பெயரைக் கேட்டவுடன், வெளியே உள்ள டிஎன்எஸ் சேவையகத்தை விசாரிப்பதற்கு முன்பு, விண்டோஸ் இன்றும் இந்தக் கோப்பின் பேச்சைத்தான் முதலில் கேட்கிறது. கோப்பில் பொய்யான எண்ணை எழுதிவைத்தால் கணினி அதையே நம்பிவிடும். தடுப்பு என்று நாம் சொல்வது இந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்வதைத்தான்.

எழுத வேண்டியது ஒரே வரி: முதலில் 0.0.0.0, ஓர் இடைவெளி, பிறகு தடுக்க வேண்டிய தளத்தின் பெயர். இவ்வளவு எளிய வேலையில் நான் இரண்டு நாள்களைத் தொலைத்தேன். நோட்பேடை நிர்வாகி உரிமையுடன் திறக்காமல் சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லும். அது எல்லோருக்கும் நேர்வது. நான் மாட்டிக்கொண்டது அடுத்த படியில். நோட்பேட் தன் வழக்கப்படி ‘டெக்ஸ்ட்’ பின்னொட்டைச் சேர்த்துச் சேமிக்க, பின்னொட்டுகளை மறைத்துவைக்கும் இயல்புடைய விண்டோஸ் அதை எனக்குக் காட்டாமல் விட, ஒரே கோப்புறையில் ஒரே பெயர் போலத் தெரிந்த இரண்டு கோப்புகளை வைத்துக்கொண்டு, பயனற்ற கோப்பையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். கோப்புறை அமைப்பில் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லிவிட்டுத் தொடங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது. பழைய நோட்பேடில் ‘யூனிகோடு’ என்ற குறியேற்றத்தைத் தேர்ந்து சேமித்தாலும் இதே கதைதான்: பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஒரு வரியும் வேலை செய்யாது.

0.0.0.0 எழுதுவதா, 127.0.0.1 எழுதுவதா என்ற கேள்விக்கும் அனுபவம்தான் பதில் தந்தது. பழைய வழிகாட்டிகள் எல்லாம் இரண்டாவதைத்தான் சொல்லும். அது நம் கணினியையே குறிக்கும் முகவரி. நான் அப்போது பழகுவதற்காக, வலைப்பக்கங்களை வழங்கும் மென்பொருளான அப்பாச்சி சேவையகத்தைக் கணினியில் நிறுவியிருந்தேன். விளம்பரம் வர வேண்டிய கட்டங்களில் எல்லாம் ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று என் சொந்தச் சேவையகமே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பதிவேட்டைத் திறந்தால், நான் படிக்கும் செய்தித்தளம் எத்தனை விளம்பர நிறுவனங்களை அழைக்கிறது என்பது வரிசையாகத் தெரிந்தது. வேடிக்கையான பாடம்தான், ஆனால் வேண்டாத வேலை. 0.0.0.0 எங்கும் போய்ச் சேராத முகவரி என்பதால் இணைப்பு அந்த நொடியே கைவிடப்படுகிறது.

அடுத்து வந்தது பேராசைக் காலம். விளம்பரத் தளங்களையும் உளவுத் தளங்களையும் திரட்டித் தரும் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்நாளில் எம்விபிஎஸ் பட்டியல் புகழ்பெற்றிருந்தது. பின்னர் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஸ்டீவன் பிளாக் என்பவர் பல பட்டியல்களை ஒன்றாக்கித் தரும் தொகுப்பு அந்த இடத்தைப் பிடித்தது. நான் அந்தத் தொகுப்பை அப்படியே இறக்கி ஒட்டினேன். முதல் வாரம் மகிழ்ச்சிதான். பக்கங்கள் விரைவாகத் திறந்தன, மாதாந்தர டேட்டா அளவும் குறைவாகச் செலவாயிற்று. இரண்டாவது வாரத்திலிருந்து கணினி தொடங்கும்போது இணையம் வரத் தாமதமாயிற்று. விண்டோஸின் டிஎன்எஸ் கிளையன்ட் சேவை இந்தக் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். சில நூறு வரிகளுக்கென்று அமைந்த ஏற்பாட்டின் தலையில் பல்லாயிரம் வரிகளை ஏற்றினால் அது திணறத்தான் செய்யும். அந்தச் சேவையையே நிறுத்திவிடுங்கள் என்று அப்போது அறிவுரை சொல்வார்கள். நானும் நிறுத்தியிருந்தேன். விண்டோஸ் 10இல் சேவைப் பட்டியலில் அந்தப் பொத்தானே மங்கிக் கிடக்கிறது. ஒரு வரியில் ஒன்பது பெயர்கள்வரை அடுக்கி வரிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் ஓரளவு பயன் உண்டு; ஸ்டீவன் பிளாக் தொகுப்பிலேயே அதற்கான வசதி இருக்கிறது.

வேகக்குறைவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, எது ஏன் நின்றது என்று தெரியாமல் போவது. மின்னஞ்சலில் வரும் கூரியர் இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் திறக்காது, ஏனெனில் அது நேரே கூரியர் தளத்துக்குப் போகாமல் சொடுக்குகளை எண்ணும் ஒரு தளத்தின் வழியாகப் போகிறது. அந்தத் தளம் பட்டியலில் இருக்கிறது. கட்டணம் செலுத்தும் பக்கம் ஒன்று பாதியில் வெள்ளையாக நின்றது. தேடல் முடிவில் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொட்டால் பிழைச்செய்தி. என் மனைவி ஒவ்வொரு முறையும், “நெட் வரலைங்க, கொஞ்சம் பாருங்க” என்று கூப்பிடுவார். இணையம் வந்துகொண்டுதான் இருந்தது. நானோ யாரோ எழுதிய பட்டியலில், எந்த வரி குற்றவாளி என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாளன்று, முழுக் கோப்பையும் வேறு பெயருக்கு மாற்றிவைத்துவிட்டுத்தான் பணம் கட்ட முடிந்தது. அன்றோடு பெரிய பட்டியலைக் கைவிட்டேன். விளம்பரங்களைத் தடுக்கும் வேலையை பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் நிரலான ஒரு நீட்சியிடம் ஒப்படைத்தேன். அது ஒரு பக்கத்துக்கு மட்டும் தடையை விலக்கச் சொன்னால் ஒரே சொடுக்கில் விலக்குகிறது. ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு அந்த நெளிவு கிடையாது. மேலும் காணொளித் தளங்களும் சமூக ஊடகங்களும் தங்கள் விளம்பரங்களைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே அனுப்புகின்றன. யூடியூபின் விளம்பரமும் படமும் ஒரே தளத்திலிருந்து வரும்போது, ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நின்றுபோகும்.

இந்தக் கோப்பு பெயரை மட்டுமே பார்க்கிறது. முகவரியில் பெயருக்குப் பின்னால் வரும் எதுவும் அதன் கண்ணில் படாது. ‘இந்தத் தளமும் அதன் எல்லாக் கிளைகளும்’ என்று சொல்லும் நட்சத்திரக் குறியும் இதில் இல்லை. யூடியூபை நிறுத்த வேண்டுமானால் முன்னொட்டு இல்லாத பெயர், மூன்று டபிள்யூ சேர்ந்த பெயர், கைபேசிப் பதிப்பின் பெயர், பிற தளங்களில் பதிக்கப்படும் காணொளிகளுக்கான ‘நோகுக்கி’ பெயர் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். இதை அறியாமல் ஒரே வரியை எழுதிவிட்டு, “ஹோஸ்ட்ஸ் வேலை செய்யவில்லை” என்று குறைப்படுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலை செய்கிறதா என்று சோதிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. என்எஸ்லுக்அப் கட்டளையை இட்டால், அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ் சேவையகத்தைக் கேட்டு உண்மையான எண்ணைச் சொல்லிவிடும். தடுப்பு பலிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்கும் பிங் கட்டளையே சரியான சோதனை. கோப்பைச் சேமித்தவுடன் விண்டோஸ் மாற்றத்தைத் தானே கவனித்துக்கொள்கிறது. ஆனால் பிரவுசர் பழைய எண்ணைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும், திறந்திருக்கும் இணைப்பையும் விடாது. அதை முழுவதும் மூடித் திறந்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

கோப்பைத் தாண்டிச் செல்லும் வழிகளும் இருக்கின்றன. பெயரே இல்லாமல் எண் முகவரிக்கு நேரே இணையும் மென்பொருளை இது தொடவே தொடாது. நமக்குப் பதிலாகத் தளங்களை அணுகும் இடைநிலைச் சேவையகமான பிராக்சி வழியாகப் போனால், பெயரை எண்ணாக மாற்றும் வேலை பிராக்சியின் பக்கம் நடப்பதால் நம் கோப்பு ஒதுங்கி நிற்கும். டிஎன்எஸ் கேள்விகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் மறைகுறியாக்கிய டிஎன்எஸ் வந்தபின் ஹோஸ்ட்ஸ் செத்துப்போயிற்று என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் அந்த வசதியை இயக்கிய பிறகும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் உள்ள பெயர்களுக்கு மதிப்புக் கொடுக்கிறது. என் கணினியில் அதைப் பார்த்தும் உறுதிசெய்துகொண்டேன். விண்டோஸே தாண்டிச் செல்லும் பெயர்களும் சில உண்டு. எக்ஸ்பி காலத்திலேயே, மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்புத் தளம் உள்ளிட்ட சில பெயர்கள் டிஎன்எஸ் நூலகக் கோப்புக்குள் எழுதப்பட்டிருந்தன; ஹோஸ்ட்ஸில் என்ன எழுதினாலும் அவற்றுக்குப் பொருட்டில்லை என்பது 2006இல் வெளியே தெரியவந்தது.

அப்போது எழுந்த கோபம் 2020இல் மறுபடியும் எழுந்தது. விண்டோஸ் 10 அனுப்பும் பயன்பாட்டுத் தகவல்களைத் தடுப்பதற்காகப் பலர் மைக்ரோசாஃப்டின் தளப்பெயர்களை ஹோஸ்ட்ஸில் எழுதிவைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை இறுதியிலிருந்து விண்டோஸின் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டர் அத்தகைய கோப்புகளைக் ‘ஹோஸ்ட்ஸ் கடத்தல்’ என்ற கடுமையான அச்சுறுத்தலாகக் குறித்தது. நீக்கச் சொல்லி ஒப்புதல் தந்தால், பயனர் எழுதிய வரிகள் அனைத்தையும் துடைத்துவிட்டுத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோனது. பயனரின் உரிமையில் தலையிடுவது என்று பலர் கண்டித்தார்கள். எனக்கு இதில் இரண்டு மனம் இருக்கிறது. 2004இல் பரவிய மைடூம் என்ற தீய நிரலின் இரண்டாவது வடிவம், மைக்ரோசாஃப்ட் தளங்களையும் வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களையும் இதே கோப்பில் எழுதி, பாதிக்கப்பட்டவர்கள் உதவி தேடிப் போக முடியாமல் செய்தது. எழுதியவர் வீட்டுக்காரரா திருடரா என்று கோப்பை மட்டும் பார்த்து எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. அதற்காகக் கோப்பு முழுவதையும் அழிப்பது சரியென்று ஆகிவிடாது. குறிப்பிட்ட வரியைக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கலாம். பயன்பாட்டுத் தகவல் விஷயத்தில், நான் அமைப்புப் பக்கத்தில் குறைக்க முடிந்ததைக் குறைத்துக்கொண்டு, ஹோஸ்ட்ஸில் மைக்ரோசாஃப்ட் பெயர்களை எழுதுவதில்லை.

இன்று இருக்கும் 43 வரிகளில் ஏழு வரிகள் தடுப்பதற்கானவையே அல்ல. கூகுள் தேடலின் பெயர்களை 216.239.38.120 என்ற எண்ணுக்குத் திருப்பினால், ஆபாச முடிவுகளை வடிகட்டும் ‘பாதுகாப்பான தேடல்’ நிரந்தரமாக இயங்கும். தேடல் பக்கத்தில் அதை அணைக்க முடியாது. வேறொரு தளத்துக்கு இப்படித் திருப்பினால் தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பொருந்தவில்லை என்று பிரவுசர் கத்தும். இந்த எண் கூகுளே இதற்கென நடத்துவது என்பதால் அந்தச் சிக்கல் வருவதில்லை. கூகுளின் இந்தியத் தளப்பெயரையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். மகளுக்குச் சாதாரணப் பயனர் கணக்கைக் கொடுத்திருப்பதால் நிர்வாகிக் கடவுச்சொல் இன்றி அவளால் கோப்பைத் திருத்த முடியாது. அவள் திருத்த முயன்றதும் இல்லை. பக்கத்தில் கைபேசி இருக்கிறதே. கைபேசிக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ரவுட்டரில்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஹோஸ்ட்ஸ் கோப்பு அது இருக்கும் கணினிக்கு மட்டுமே காவல்.

மீதியுள்ளவை பெரும்பாலும் எனக்கு நானே போட்டுக்கொண்ட தடைகள்: வேலை நேரத்தில் விரல் தானாகத் தட்டச்சு செய்யும் கிரிக்கெட் தளங்கள், இரண்டு செய்தித்தளங்கள், ஒரு காணொளித் தளம். இதில்தான் இந்தக் கோப்பின் உண்மையான பயனை உணர்ந்தேன். தடையை எடுக்க எனக்குத் தெரியும். ஆனால் நிர்வாகி உரிமையுடன் திறந்து, வரியைத் தேடி, சேமித்து, பிரவுசரை மூடித் திறப்பதற்குள், போக வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மைக்ரோசாஃப்டின் கூடுதல் கருவிகள் அடங்கிய பவர்டாய்ஸ் தொகுப்பில் 2022இல் ஹோஸ்ட்ஸ் கோப்புக்கென்றே ஒரு திருத்தி வந்தது. ஒவ்வொரு வரியையும் பொத்தானால் இயக்கலாம், நிறுத்தலாம், பழைய கோப்பின் நகலும் தானாக எடுக்கப்படும். முதன்முறை திருத்துபவர்களுக்கு நான் தயங்காமல் அதையே சொல்வேன். நானோ சில மாதம் பயன்படுத்திவிட்டு நோட்பேடுக்கே திரும்பிவிட்டேன், தடையை எடுப்பது அவ்வளவு எளிதாகிவிட்டால் என் தடைகள் நிற்பதில்லை என்பதற்காக.

ஒவ்வொரு வரிக்கும் மேலே # குறியிட்டு, எழுதிய நாளையும் காரணத்தையும் எழுதிவைக்கிறேன். காரணம் நினைவுக்கு வராத வரியை அன்றே நீக்கிவிடுகிறேன். சென்ற மாதம் அப்படிப் பார்த்தபோது, மூடப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்ட ஓர் இணைய விளையாட்டுத் தளத்தைத் தடுத்து எழுதிய வரி ஒன்று அகப்பட்டது. மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எழுதியது. காரணம் தெளிவாகவே இருந்தது. அதை மட்டும் நீக்காமல் விட்டிருக்கிறேன்.