கவுண்டி வாரியத்தின் கட்டண அட்டவணை: ஒரு குடியிருப்பாளரின் மதிப்பீடு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நான் வசிக்கும் கவுண்டியை (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் வாரியம் செயல்படும் விதத்தை, இரண்டு ஆண்டுகளாகக் கூட்டங்களுக்கு நேரில் சென்று கவனித்து வருகிறேன். மாநிலம் அளித்த அதிகாரங்களை மட்டுமே உள்ளாட்சிகள் பயன்படுத்தலாம் என்னும் தில்லன் விதி இங்கே நடைமுறையில் இருப்பதால், ஜனவரி இரண்டாம் புதன்கிழமை மாநிலச் சட்டமன்றம் கூடுவதற்கு முன்பே தன் கோரிக்கைகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி வாரியம் தீர்மானம் நிறைவேற்றுவது வெறும் சடங்கு அன்று. அந்தப் பட்டியல் பாராட்டத்தக்கது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

கட்டண அட்டவணைதான் ஏமாற்றம் அளித்தது. கட்டட அனுமதி, குப்பைக் கிடங்கு, பூங்கா அரங்க வாடகை என அனைத்துக்கும் பழைய தொகையும் புதிய தொகையும் அருகருகே அச்சிடப்பட்டிருந்தன. ஆனால் அந்தச் சேவையை வழங்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதைக் காட்டும் பத்தியே இல்லை. உயர்வு நியாயமா என்பதை அது இல்லாமல் எப்படி எடைபோடுவது? பொது விசாரணையில் எனக்குக் கிடைத்த மூன்று நிமிடங்களில் இதை மட்டுமே கேட்டேன். தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டார், அடுத்த வாரமே செலவுக் கணக்கு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. ஜூலை 1 அன்று தொடங்கும் நிதியாண்டுக்கான அட்டவணையிலாவது அந்தக் கணக்கு அனைவரும் பார்க்கும்படி இடம்பெற வேண்டும்.