ஈஜிஆர் வால்வு: கழுவுவதா, மாற்றுவதா, தகடு வைத்து அடைப்பதா?

டீசல் வண்டியில் பிக்கப் குறைந்து, கரும்புகை கக்கி, செக் இன்ஜின் லைட்டும் எரிந்தால் ஒர்க்ஷாப்பில் முதலில் காதில் விழுவது, "ஈஜிஆரை அடைச்சிருவோம் சார், வண்டி பறக்கும்" என்பதுதான். (ஈஜிஆர்: புகையைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் வால்வு; அடைப்பது என்றால் அந்த வழியில் தகடு வைப்பது.) அடைத்த மறுநாள் வண்டி நன்றாக ஓடவும் செய்யும். அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் அந்த முன்னேற்றம் தகடு கொடுத்தது அல்ல. மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் கிடந்த வால்வு இப்போது மூடிக் கிடக்கிறது, அவ்வளவுதான். கழுவிச் சுத்தமாக மூடும் வால்வும் அதே பிக்கப்பைத் திருப்பித் தரும்.

சைலன்சருக்குப் போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள் விடுவது ஈஜிஆரின் வேலை. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு; கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். எரியும் வெப்பநிலை தணிவதால் நைட்ரஜன் ஆக்சைடு உருவாவது குறைகிறது. ஐடிலிங்கிலும் லேசான லோடிலும்தான் இது திறக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மூடிவிடும். எனவே நல்ல வால்வை அடைத்து டாப் எண்டில் (முழு வேகத்தில்) பவர் கூட்டிவிடலாம் என்பதற்கு இடமே இல்லை.

முதலில், குற்றவாளி ஈஜிஆர்தானா?

கிழிந்த டர்போ ஹோஸ், ஒழுகும் இன்ஜெக்டர், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் எல்லாமே இதே கரும்புகையைத்தான் தரும். ஸ்கேனரில் வரும் கோளாறு எண்ணை (கோடு) படிப்பதோடு நிற்கக் கூடாது. பி0401 என்றால் புகை போதுமான அளவு திரும்பவில்லை, பி0402 என்றால் அளவுக்கு மேல் திரும்புகிறது, பி0403 என்றால் வயரிங் அல்லது மின்பகுதி. வால்வுக்கு வரும் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்தாலே மூன்றாவது வந்துவிடும். அதற்கு வால்வைக் கழற்றிக் கழுவிப் பயனில்லை.

ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (ஓடும் இன்ஜினின் அளவீடுகளில்) காற்றளவைப் பாருங்கள். ஸ்விஃப்ட், டிசையர், புன்டோ, இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் வந்த 1.3 மல்டிஜெட் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 1,248 சிசி, 4 சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. ஒரு லிட்டர் காற்று நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய 1.15 கிராம். சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்று கழித்தாலும், ஈஜிஆர் மூடியிருக்கும்போது ஐடிலிங்கில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 300 மில்லிகிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். வால்வு திறக்கும்போது அந்தப் புகை காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இந்த எண் கணிசமாக இறங்க வேண்டும். மூடச் சொல்லியும் எண் ஏறவில்லை என்றால் வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் சென்சார் தப்பு சொல்கிறது. திறக்கச் சொல்லியும் இறங்கவில்லை என்றால் வால்வு மூடியபடி சிக்கியிருக்கும், அல்லது வழி கரியால் அடைந்திருக்கும்.

பழைய வாக்குவம் வகையில் (மின்மோட்டாருக்குப் பதில் காற்றுறிஞ்சலால் திறக்கும் வால்வு) இன்னும் எளிது. வால்வின் தலையில் இருக்கும் சின்ன ரப்பர் ஹோஸை உருவி, அதன் வாயை ஒரு ஸ்க்ரூவால் அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். புகை நின்றால், வால்வு தேவைக்கு மேல் திறக்கிறது. வாக்குவத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான வாக்குவம் கண்ட்ரோல் சோலனாய்டையும் பாருங்கள். நிற்காவிட்டால் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். மின்சார வால்வில் தற்காலிகமாக ஒரு தகடு செருகிச் சோதிக்கலாம். தகட்டுக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வேலை இதுதான்: சோதித்துவிட்டுக் கழற்றிவிட வேண்டும்.

கழுவுதல்

பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும். முந்தைய நாளே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மேனிஃபோல்டு பக்கத்துப் போல்ட்டுகள் சூட்டில் இறுகியிருக்கும், அவசரப்பட்டால் தலை முறியும். இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரை எடுத்து, வால்வை இறக்குங்கள். கூலன்ட் லைன் வால்வோடு சேர்ந்திருந்தால் கூலன்ட்டை வடித்தாக வேண்டும்.

உள்ளே இருப்பது வெறும் கரி அல்ல. கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிப்பகுதி) வரும் ஆயில் ஆவியில் புகைக்கரி குழைந்து, தார் போல ஒட்டிக்கொண்டிருக்கும். வால்வு உட்காரும் இடத்தில் கடுகளவு கரித்துண்டு நின்றாலே மூடாது. கார்ப் கிளீனர் அடித்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேயுங்கள். மோட்டார் இருக்கும் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு அடித்தால்தான் திரவம் எலெக்ட்ரானிக்ஸுக்குள் இறங்காது. ஸ்க்ரூ டிரைவரால் வால்வை நெம்பித் திறந்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பல் சக்கரம் போய்விடும். காஸ்டிக் சோடாவில் போட்டுவைத்தால் அலுமினிய உடலையே அரித்துவிடும்.

வால்வை மட்டும் கழுவிவிட்டு இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த்தொகுதி) விட்டுவிடுவது அரைவேலை. கட்டைவிரல் நுழையும் வழி பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும் வண்டிகள் உண்டு. ஆனால் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஓடும் டீசல் இன்ஜினின் வாயில் ஸ்ப்ரே அடிக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்: தேங்கிய திரவத்தையும் ஆயிலையும் எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் கட்டுப்பாடின்றி ரெய்ஸ் ஆகலாம், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

மாட்டும்போது புது பேக்கிங் போடுங்கள். மேனுவல் கையில் இல்லையென்றால் எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25, எம்6க்கு 10 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டாம். பிறகு ஸ்கேனரில் கோடை அழித்து, ஈஜிஆர் அடாப்டேஷனை ரீசெட் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் பழைய அழுக்கு வால்வின் மூடும் நிலையையே இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) நினைவில் வைத்திருக்கும். கழுவியும் பலனில்லை என்று தோன்றும்.

சில மாதங்களிலேயே மறுபடி அடைந்தால் காரணம் வேறு இடத்தில். ஏசி போட்டு மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்பது, இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்துவது, ஆயிலை மேல்கோட்டுக்கு மேல் ஊற்றுவது, ஆயில் கசியும் டர்போ. இவற்றைத் தேடாமல் தகடு வைத்தால், கரியை உண்டாக்கும் கோளாறு அப்படியே தொடரும்.

புது வால்வு

மோட்டார் போயிருந்தால், தண்டு தேய்ந்து ஆடினால், பொசிஷன் சென்சார் எண் தாவினால் கழுவிப் பார்ப்பது வீண். மாற்றுங்கள். தகட்டுக்கு நூறுகளில் ஆகும் இடத்தில் இதற்கு ஆயிரங்களில் ஆகும். பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். உருவம் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறாக இருக்கும்.

தகடு

இதில் இரண்டு வகை. ஓட்டையில்லாத தகடு வழியை முழுதாக அடைக்கும். வால்வைத் திறந்தும் காற்றளவு இறங்காததால் இசியூ பி0401 போட்டு லைட்டை எரியவிடும். சில வண்டிகளில் பவரைக் குறைத்து லிம்ப் மோடுக்கும் போகும். இதிலிருந்து தப்பத்தான் நடுவில் 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட தகடு வந்தது. கணக்கு போட்டுப் பாருங்கள்: 25 மில்லிமீட்டர் குழாயில் 8 மில்லிமீட்டர் ஓட்டை என்றால் பரப்பளவில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கொஞ்சம் புகை சில வண்டிகளில் இசியூவை ஏமாற்றும், சிலவற்றில் ஏமாற்றாது. அந்தச் சின்ன ஓட்டையும் நாளடைவில் கரியால் அடையும்; அன்று லைட் மறுபடி எரியும்.

கடைகளில் கிடைக்கும் மெல்லிய தகரமும் அலுமினியத் தகடும் சூடான பக்கத்தில் தாங்காது. உடைந்த துண்டு உள்ளே போனால் இன்ஜின் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடைத்த பிறகு நாக்கிங் சத்தமும் கூடும், ஏனென்றால் ஆக்சிஜன் கூடிய சிலிண்டரில் டீசல் சட்டென்று எரிகிறது. தகட்டை வால்வு பக்கம் மட்டும் வைத்தால் ஈஜிஆர் கூலர் (திரும்பும் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் பகுதி) இன்னும் சூடான பக்கத்திலேயே இருக்கும். வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைகிறது என்றால் அந்தக் கூலர் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். அதற்குத் தகடு மருந்தே அல்ல.

சாஃப்ட்வேரில் அணைப்பது

தகட்டைவிட இது நேர்த்தியாகத் தெரியும்: லைட் எரியாது, வால்வு எப்போதும் மூடியிருக்கும். ஆனால் செய்கிற கையைப் பொறுத்தது. ஒரிஜினல் ஃபைலைக் காப்பி எடுக்காமல் எழுதுவதும், எழுதும்போது பேட்டரி வோல்டேஜ் விழுந்து இசியூ செத்துப்போவதும் நடக்கும். ஈஜிஆரோடு மற்ற எச்சரிக்கைக் கோடுகளையும் சேர்த்து அணைத்துவிட்டால், பின்னால் உண்மையான கோளாறு வரும்போது வண்டி வாய் திறக்காது. சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பிஎஸ்6 வண்டி என்றால்

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களுக்கு இந்த விவாதமே கிடையாது. ஈஜிஆர் கோளாறுக் கோடு பதிவாகி நிற்கும்போது பல வண்டிகளில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனை இசியூ தடுத்துவிடும். கரி சேர்ந்து டிபிஎஃப் அடைத்தால் செலவு ஈஜிஆர் வால்வின் விலையைத் தாண்டிப் போகும். டிஇஎஃப் (நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியா திரவம்) ஊற்றும் வண்டியில், கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடைச் சென்சார் கண்டுபிடித்து டார்க்கைக் குறைத்துவிடும்.

டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பிஎஸ்4ல் கிலோமீட்டருக்கு 0.25 கிராம், பிஎஸ்6ல் 0.08. வழக்கமான பியூசி சோதனையில் டீசலுக்குப் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அல்ல. அதனால் தகடு வைத்த வண்டியும் சான்று வாங்கிவிடும். "பியூசி பாஸ் ஆகுது, அப்புறம் என்ன" என்று சொல்வது இந்த ஓட்டையை வைத்துத்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், வெயிலில் ஓசோன் உருவாகவும் காரணமாகும். சிக்னலில் பின்னால் நிற்கும் பைக்காரர்தான் அதை முதலில் சுவாசிக்கிறார். சட்டத்திலும் இதற்கு இடமில்லை: மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ; லைசென்ஸும் 3 மாதத்துக்குச் செல்லாது.

பழைய வண்டி வாங்கும்போது

வால்வு ஃபிளாஞ்சின் (போல்ட் போட்டு இணைக்கும் முகப்பின்) விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பேக்கிங்குக்கு நடுவே பளபளப்பாக ஒரு கோடு தெரிந்தால் தகடு இருக்கிறது. தகட்டைக் கழற்றியவுடன் விட்டுவிடாதீர்கள், அசையாமல் கிடந்த வால்வு இறுகியிருக்கும். அதையும் கழுவி, ஒற்றைப் புது பேக்கிங்கோடு மாட்டி, கோடை அழித்து, லைவ் டேட்டாவில் காற்றளவு மறுபடி இறங்கி ஏறுகிறதா என்று பார்த்த பிறகே பானெட்டை மூடுங்கள்.