ஒன்றரை அங்குலம்: நாலு வருஷ வில் அனுபவம்

மிச்சிகனில் அக்டோபர் 1 வில்வேட்டை சீசன் ஆரம்பம். அதனால்தான் நண்பன் கேட்டான்: "உன் காம்பவுண்ட் வில் (நுனிகளில் கப்பி வைத்தது) மாதிரியே ஒன்று நானும் வாங்கிடட்டுமா மச்சி?" போனில் பேசினால் கத்திவிடுவேன். எழுதியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்லது. இழுக்க 60 பவுண்டு பலம் கேட்கும் வில். முழுசாக இழுத்த பிறகு பாரத்தில் 80 சதவீதம் இறங்கிவிடும், விரலில் நிற்பது 12 பவுண்டுதான். போன நவம்பரில் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டை மான், தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு நிமிஷம் போல இழுத்த நாணோடு காத்திருந்தேன். கை நடுங்கவில்லை. (மான் வந்த வழியே போய்விட்டது, அது வேறு கதை.) சத்தமும் குறைவு. வில்லைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

வாங்கிய கடையில் டிரா லெங்த், அதாவது நாணை இழுக்கும் நீளம், 28.5 அங்குலம் வைத்துக் கொடுத்தார்கள். யாரும் என் கையை அளக்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இந்த ஜூனில் நாண் மாற்ற வேறொரு கடைக்குப் போனேன். "ஒருமுறை இழுங்க, பார்ப்போம்" என்றவர், பார்த்துவிட்டு டேப்பை எடுத்தார். விரித்த கைகள், நுனிக்கு நுனி 68 அங்குலம். 2.5-ஆல் வகுத்தால் 27.2. ஆலன் கீயால் கேமில் (நுனிக் கப்பியில்) இருந்த திருகைத் தளர்த்தி 27-க்கு மாற்றினார், பீப்பை (நாணில் குறிபார்க்கும் சின்ன வளையத்தை) நகர்த்திக் கட்டினார். வேலை அவ்வளவுதான்!

இதற்கா நாலு வருஷம்? நீளம் கூடினால் உடம்பு கோணும்: தலை பின்னால் சாயும், இடுப்பு முன்னே தள்ளும், இடது முழங்கை பூட்டிக்கொள்ளும், நாண் முன்கையை உரசும். என் குளிர் ஜாக்கெட்டின் இடது கையில் நாண் தேய்த்த பளபளப்புக் கோடு இன்னும் இருக்கிறது. டி-ஷர்ட்டில் 20 கஜத்தில் அம்புகள் ஒட்டி ஒட்டி விழும். ஜாக்கெட் போட்டால் இடப்பக்கம் ஓடும். பிராட்ஹெட், அதாவது பிளேடு வைத்த வேட்டை முனை, மாட்டினால் இன்னும் மோசம். அதன் பிளேடுகள் முன்னால் முளைத்த இறக்கை மாதிரி, சின்னப் பிழையையும் இழுத்துப் பெரிசாக்கும். நான் என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேன்.

அளவு சரியானது, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலை முழுக்க இலக்கே இல்லாமல், ஃபோம் கட்டைக்கு நாலடி முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு எய்தேன். பிடியை இறுக்காமல் கட்டைவிரல் மேட்டில் மட்டும் வில் தாங்கணும், முழங்கை லேசாக மடங்கணும். ஆகஸ்டில் பாதுகாப்பு பெல்ட் மாட்டிக்கொண்டு ட்ரீ ஸ்டாண்டில் (மரத்தில் கட்டிய வேட்டை மேடையில்) ஏறினேன். மேலிருந்து எய்யும்போது கையைத் தாழ்த்தக் கூடாது, இடுப்பில் குனியணும். ஓரளவு வந்துவிட்டது. அவசரத்தில் மட்டும் தலை இன்னும் பின்னால்தான் போகிறது.

ஆகவே வாங்காதே மச்சி. நேற்று மழையில் மூன்று அம்பைப் புதரில் தொலைத்துவிட்டு வந்த எரிச்சலில் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள், வாங்காதே. மீறி வாங்கினால் டேப்போடு நானும் கடைக்கு வருகிறேன். அங்கே எனக்கும் ஒரு வேலை இருக்கிறது, என் வில்லுக்கு ஸ்பேர் நாண் ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.